மணியா, வெப்பமானியா, தாய்ப்பாலா? இயற்கைக் கருத்தடை முறைகளில் எது யாருக்கு ஒத்துவரும்?

ஓசூர் சிப்காட்டில் இரவுப் பணி முடித்துவிட்டுக் காலையில் கண் அயரும் பெண்ணும், பாலக்கோடு பக்கம் விடியும் முன்பே மாடு கறந்துவிட்டுத் தக்காளி பறிக்கப் போகும் பெண்ணும் ஒரே முறையைக் கற்றுக்கொண்டு பயன் இல்லை. இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. சதவீதங்களை அடுக்கி, நல்ல எண் வாங்கியதை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. அந்த எண்களை நானும் தருகிறேன். ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்க அவை மட்டும் போதாது.

அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் தாங்கும். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே ஒரு சுழற்சியில் கரு தங்கும் வாய்ப்புள்ளவை ஏறக்குறைய 6 நாட்களே. அந்த 6 நாள் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்குவரை உள்ள நாட்கள் அதிகம் மாறுவதில்லை. அதற்கு முந்தைய பாதிதான் காய்ச்சல், அலைச்சல், மனக்கவலை என்று ஏதாவது ஒன்றைச் சாக்காக வைத்து இழுத்துக்கொண்டு போகும். சில முறைகள் நாட்களை எண்ணி இதைக் கணிக்கின்றன. மற்றவை உடம்பைக் கவனித்து அறிகின்றன.

எண்ணுகிற முறைகள்

பழையது காலண்டர் கணக்கு. ஜப்பானில் ஓகினோ, ஆஸ்திரியாவில் கினாஸ் என்ற இரு மருத்துவர்கள் 1920களில் தனித்தனியே கண்டுபிடித்ததில் இருந்து வந்தது. குறைந்தது 6 சுழற்சிகளின் நாட்களைக் குறித்து வைத்திருக்க வேண்டும். அவற்றில் மிகக் குறுகியதிலிருந்து 18, மிக நீண்டதிலிருந்து 11 கழிக்க வேண்டும். ஒருவருக்குக் குறுகியது 25 நாள், நீண்டது 33 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25இல் 18 போக 7. 33இல் 11 போக 22. அவர் 7ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டும். மொத்தம் 16 நாள்! இதைக் கேட்ட கணவர் அத்தோடு எழுந்து போய்விடுவார். கற்பதற்கு முன்பே அரை ஆண்டு காத்திருக்க வேண்டும், கற்ற பிறகும் பாதி மாதம் காத்திருக்க வேண்டும் என்கிற முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதன் எளிய வாரிசு நிலையான நாட்கள் முறை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது. சுழற்சி 26 முதல் 32 நாட்களுக்குள் வரும் பெண்களுக்கு மட்டும். 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை கரு தங்கக்கூடிய நாட்கள்; கழித்தல் கணக்கு எதுவும் கிடையாது. இதற்கென 32 மணிகள் கோத்த ஒரு மாலை உண்டு. சிவப்பு மணி மாதவிலக்கின் முதல் நாள், அடுத்து பழுப்பு மணிகள் 6, பிறகு வெள்ளை மணிகள் 12, மீண்டும் பழுப்பு. ஒரு ரப்பர் வளையத்தை நாளுக்கு ஒரு மணி வீதம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வளையம் வெள்ளை மணியில் நின்றால் விலகியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பிசகில்லாமல் கடைப்பிடிக்கும் 100 பெண்களில் ஆண்டுக்கு 5 பேர் கருவுறுகிறார்கள். சாதாரணப் பயன்பாட்டில் 12 பேர். நிரோத் (ஆணுறை) சாதாரணப் பயன்பாட்டில் 13 என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இது மோசமில்லை.

மாலை என்ற யோசனை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் வந்து, நாள் கணக்கு முறைக்குச் சோதனை வகுத்துக் கொடுத்தார். டெல்லி லோதி காலனியில் ஒன்று, மைசூர் சாலையில் உள்ள இராமநகரத்தில் இன்னொன்று. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வழியாகப் போனால் அரை நாள் பயணம்கூட இல்லை. அங்கும் வண்ண மணி மாலைதான் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் ஏமாற்றமளித்தது. சுழற்சி சீராக வருகிறதா என்று முதலில் வடிகட்டாமல் எல்லோருக்கும் எண்ணிக்கை முறையைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

இன்றைக்கும் மாலை எங்கே தவறுகிறது தெரியுமா? முதல் நாள் எது என்பதில். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். மாமியாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் இந்த முறையில் உதிரம் பட்ட அன்றே சிவப்பு மணி. நான்காம் நாள் குளித்துவிட்டு அதை முதல் நாளாக வைத்து வளையத்தை மாட்டினால், மணிமாலை 8ஆம் நாள் என்று காட்டும்போது உடம்பில் 11ஆம் நாள். அதாவது 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களும் பழுப்பு மணியில் பாதுகாப்பாகத் தெரிந்து கடந்துபோயிருக்கும். கற்றுக்கொடுப்பவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இன்னொன்று: ஓர் ஆண்டில் இரண்டு முறை சுழற்சி 26க்குக் கீழோ 32க்கு மேலோ போய்விட்டால் மாலையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மாதவிலக்குத் தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு சராசரி போட்டுச் சொல்லும் செயலி, பளபளப்பான காலண்டர் கணக்குதான். தேதி நினைவூட்ட வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிப் படுக்கைக்குப் போகாதீர்கள்.

உடம்பைப் பார்க்கிற முறைகள்

கருப்பை வாய்ச் சுரப்பைக் கவனிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ் 1953இல் ஆராயத் தொடங்கினார். பின்னர் மனைவி எவ்லினும் சேர்ந்துகொண்டார். இருவரும் மருத்துவர்கள். மாதவிலக்கு நின்றதும் சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பிசுபிசுப்பான, கலங்கிய சுரப்பு. அடுத்து அது தெளிந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல நூலாக இழுபடும்; நடக்கும்போதே வழவழப்பை உணரலாம். அந்த வழவழப்பின் கடைசி நாள் உச்ச நாள். அதற்குப் பிறகு நான்காம் நாளிலிருந்து பாதுகாப்பு. முன்பகுதியில் வறண்ட நாட்களில், அதுவும் சாயங்காலத்துக்கு மேல், ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டுமே சேரலாம். விந்தின் ஈரம் மறுநாள் கணிப்பைக் குழப்பிவிடும் என்பதால் இந்த விதி.

நம் பெண்களுக்கு இது வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பாதியில் ஐந்து ஊர்களில் இந்த முறையைச் சோதித்தது. ஆக்லாந்து, டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகுவெல், ஐந்தாவது நம் பக்கத்து பெங்களூரு. 869 பேர் கலந்துகொண்டார்கள். கற்கத் தொடங்கிய முதல் சுழற்சியிலேயே 93 சதவீதப் பெண்கள் தங்கள் சுரப்பின் போக்கை அடையாளம் கண்டார்கள். அதே ஆய்வில்தான் ஆண்டுக்கு 100க்கு 22 பேர் கருவுற்றதும் பதிவானது. முறையின் குறையால் கருவுற்றவர்கள் 3க்கும் குறைவு. மீதிப்பேரில் பெரும்பான்மையினர் இன்று ஆகாது என்று தெரிந்தே சேர்ந்தவர்கள். பெண்ணுக்குக் கற்க வந்தது. இருவருக்கும் கடைப்பிடிக்க வரவில்லை.

இங்கே உள்ள தடை வேறு. வெள்ளைப்படுதல் என்றாலே நோய் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் அதிகம். மாதத்தில் சில நாள் தெளிவாக, வாடையின்றி வருவது இயல்பு. அரிப்பு, கெட்ட வாடை, தயிர்த் திப்பிபோல் வருவது, பச்சை நிறம் இவை நோய். முதலில் மருத்துவரைப் பார்த்துக் குணப்படுத்திக்கொண்ட பிறகே இந்த முறையைக் கற்கலாம்.

பில்லிங்ஸ் விதிகள் சுமையாகத் தோன்றினால் இருநாள் முறை இருக்கிறது. தினமும் இரண்டே கேள்விகள்: இன்று சுரப்பு தெரிந்ததா? நேற்று தெரிந்ததா? இரண்டுக்கும் இல்லை என்றால் மட்டும் சேரலாம். நிறம், தன்மை, உச்ச நாள் எதுவும் வேண்டாம். பிசகில்லாமல் செய்தால் 100க்கு 4, சாதாரணமாக 14. ஷிப்ட் மாறி மாறிப் போகிற பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தூக்கம் கெட்டாலும் இந்த இரண்டு கேள்விகளும் கெடுவதில்லை.

தூக்கம் கெட்டால் கெடுவது வெப்பமானி முறை. கருமுட்டை வெளிவந்ததும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடல் வெப்பத்தைச் சற்றே ஏற்றுகிறது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்; அதற்கு முன் குறைந்தது 3 மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். ஃபாரன்ஹீட்டில் 97.3, 97.4, 97.2 என்று ஆறு நாள் ஓடிவிட்டு, 97.7, 97.8, 97.8 என்று மூன்று நாள் மேலேயே நின்றால் முட்டை வெளிவந்துவிட்டது என்று பொருள். முட்டை வந்தபின்தான் தெரியும், வருமுன் தெரியாது என்பது இதன் பெரிய குறை. இரவில் இரண்டு முறை எழுந்து குழந்தைக்குப் பால் கொடுப்பவருக்கும், குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடுகிறவருக்கும் வெப்பத்தைக் குறித்து வைக்கும் தாள் கோணல்மாணலாகத்தான் வரும்.

சுரப்பு, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கூட்டு முறை. இரண்டில் எது தாமதமாகப் பாதுகாப்பு என்று சொல்கிறதோ அதையே ஏற்க வேண்டும். 2007இல் வெளிவந்த ஜெர்மனி ஆய்வில் 900 பெண்களின் 17,000க்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பார்த்தார்கள். விதிகளைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்களில் ஆண்டுக்கு 100க்கு 0.4; எல்லோரையும் சேர்த்தால் 1.8. இயற்கை முறைகளில் இதைவிட நல்ல எண் கிடையாது. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று சுழற்சியாவது ஒருவர் தாளைப் பார்த்துத் திருத்த வேண்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. கத்தோலிக்கத் திருச்சபையின் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இயற்கை முறை பேசப்படுவது வழக்கம். ஆசிரியர் யாரேனும் இருக்கிறாரா என்று அங்கே விசாரிக்கலாம். ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் படுக்கும் வேலை, நோட்டில் எழுதும் பொறுமை, கணவரின் ஒத்துழைப்பு மூன்றும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

மருந்துக் கடையில் விற்கும் முட்டை வெளிவரும் நாள் காட்டும் சிறுநீர்ப் பட்டைகள் குழந்தை வேண்டுவோருக்கு நல்லவை. தடுக்க நினைப்பவருக்குப் பயனில்லை. முட்டை வருவதற்கு ஒன்று ஒன்றரை நாள் முன்னர்தான் அவை எச்சரிக்கும். மூன்று நாள் முன் சேர்ந்ததற்கு என்ன செய்வது?

பிரசவத்துக்குப் பின்

எல்லாவற்றிலும் என் ஓட்டு பெறுவது தாய்ப்பால் முறை. மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை. மூன்றும் இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. வல்லுநர்கள் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடி 1988இல் ஏற்ற முடிவு இது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் ஒரே அமர்வில் விளங்கிவிடும். மூன்றில் ஒன்று உடைந்தாலும் அன்றே வேறு முறைக்கு மாறிவிட வேண்டும்.

உடைவது பெரும்பாலும் தாய் வீட்டில். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வயிற்று வலிக்கு ஏதோ ஒரு மருந்துத் தண்ணீர், பால் பற்றவில்லை என்று ஒரு புட்டி பசும்பால். கொடுப்பவர் பாசத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் பகலில் 4 மணி நேரத்துக்கு மேலோ இரவில் 6 மணி நேரத்துக்கு மேலோ பால் கொடுக்கும் இடைவெளி நீண்டால் காப்பு தளர்ந்துவிடும். முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வெளிவரலாம் என்பதால், மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் கைக்குழந்தையோடு மறுபடியும் வாந்தி எடுக்கிறார்கள். தொழிற்சாலைப் பெண்களுக்குச் சட்டப்படியான 26 வார விடுப்பு முழுவதும் பிரசவத்துக்குப் பின் கிடைத்தால் இந்த 6 மாதத்துக்கு அது கணக்காகப் பொருந்தும். மாங்கூழ் ஆலையில் பருவ வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த வசதி ஏது?

கணவர்

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை இரவு வீடு திரும்பும் ஆண்கள் ஏராளம். மாலையில் வெள்ளை மணிகள் 12 என்றால் சில மாதங்களில் இரண்டு வார இறுதிகள் அதில் போய்விடும். "ஏங்க, இன்னும் நான்கு நாள் பொறுங்கள்" என்றால் அந்த நான்காம் நாள் அவர் கட்டடத்தின் மேல் சாரத்தில் நிற்பார். இந்த வீடுகளில் விலகியிருப்பது மட்டுமே வழி என்று கற்பித்தால் முறை ஒரு மாதம்கூட ஓடாது. அந்த நாட்களுக்கு நிரோத் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு இடமில்லாத வீட்டில், குடித்துவிட்டு வருகிற கணவரிடம், மேலே சொன்ன எந்த முறையும் வேலை செய்யாது. அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியோ காப்பர்-டியோதான் அவளுக்குத் துணை.

இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, சமீபத்தில் சிசேரியன் என்று இப்போது கருத்தரிப்பதே ஆபத்தானவர்களுக்கும் இயற்கை முறை போதாது; காப்பர்-டி போன்ற உறுதியான காப்பு எது ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காப்பர்-டியில் ஆண்டுக்கு 100க்கு ஒருவர்கூடக் கருவுறுவதில்லை. பால்வினை நோயிலிருந்து இயற்கை முறை எதுவும் காக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதி மீறிய இரவுக்கு அடுத்த நாள் காலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் அது இல்லை என்று கையை விரிப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செவிலியரிடமோ கேளுங்கள். அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஆகவே அந்தச் சுழற்சியில் மணி, சுரப்பு, வெப்பம் எதையும் நம்ப வேண்டாம். அடுத்த மாதவிலக்கு வரும்வரை நிரோத். மூன்று வாரமாகியும் வரவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை.