கைக்குள் அடங்கிய புல்வெளி: பிஜிஏ டூர் 2கே21

கனடாவின் எச்பி ஸ்டுடியோஸ் உருவாக்கி 2020 ஆகஸ்டில் வெளிவந்த பிஜிஏ டூர் 2கே21 என்ற கோல்ஃப் வீடியோ கேம், கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்த்திராதவரையும் அந்த ஆட்டத்தின் நுணுக்கத்துக்குள் அழைத்துச் செல்கிறது. கன்ட்ரோலரின் வலப்பக்கக் குச்சியைப் பின்னுக்கு இழுத்து, ஒரே சீராக முன்னுக்குத் தள்ளுவதே இதில் மட்டை வீச்சு; தள்ளும் கோடு சற்றே சாய்ந்தாலும், வேகம் கூடினாலும் குறைந்தாலும், பந்து வழி விலகிவிடும். பொத்தானை நேரம் பார்த்து அழுத்தும் விளையாட்டுகளில் கிடைக்காத ஒன்று, அடித்தது என் கைதான் என்ற நிறைவு, இங்கே ஒவ்வொரு அடியிலும் கிடைக்கிறது.

ஃப்ளோரிடாவில் உள்ள டிபிசி சாகிராஸ் மைதானத்தின் 17ஆவது குழியை ஆடும்போது இது நன்கு விளங்கும். தொலைவு 137 கஜம்தான். ஆனால் பந்து இறங்க வேண்டிய கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, சுற்றிலும் ஏறத்தாழ முழுவதும் நீர். முதல் வாரத்தில் நான் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை அந்த நீரில்தான் மூழ்கின. காற்றின் திசையைப் பார்த்து, மூச்சை அடக்கி அடித்த ஒரு பந்து கிரீனில் விழுந்து, சற்றே பின்னுக்கு உருண்டு நின்றபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

குழியை நெருங்கிய பின், புல்லின் மேல் விரியும் கட்டங்களில் ஓடும் சிறு மணிகள் சரிவைக் காட்டுகின்றன. அவற்றைப் பொறுமையாகப் படிப்பதே தனிக் கலை. சொந்தமாக மைதானம் வடிவமைக்கும் வசதியும் உண்டு. விரைந்த ஆட்டம் தேடுவோருக்கு இது ஏற்காது. நிதானத்தை விரும்புவோர் தயங்காமல் ஆடலாம்.