பாமினியா யூனிகோடா: பிரஸ்ல போய் காலை வாராதது எது?

ஃபான்ட்னாலே எல்லாரும் அழகைப் பத்திதான் பேசுவாங்க, எனக்கு அது ரெண்டாவது. என் ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்து அப்படியே பிரஸ்ல அச்சடிக்கிற தகடான பிளேட்ல ஏறணும், அவ்ளோதான்.

முதல்ல பாமினி, வானவில் மாதிரி பழைய ஆளுங்க. இதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் வேஷம் போட்ட ஃபான்ட். பாமினில 'அம்மா'ன்னு தெரியுதே, உள்ள இருக்கறது எம், கே, செமிகோலன், கே, ஹெச். அதனாலதான் பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர்ல கூட சண்டை போடாம ஓடுது, அந்த சாஃப்ட்வேருக்கு தமிழே தெரிய வேண்டியதில்ல பாருங்க. ஆனா ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா வேஷம் கலைஞ்சுடும். ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை அவசரத்துல பிரஸ்ஸுக்கு ஓப்பன் ஃபைலாவே அனுப்பிட்டேன், தலைப்பை கர்வ்ஸ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமா மாத்தி வச்சதால தப்பிச்சுது, கீழ உபயதாரர் பேரெல்லாம் செமிகோலனும் கமாவுமா நிக்குது, நல்லவேளை ப்ரூஃப்லயே கண்ணுல பட்டுச்சு. இன்னொரு தலைவலி, பாமினில அடிச்சதை வானவில்லுக்கு மாத்தினா மேட்டரே வேற எழுத்தா ஆயிடும், எந்த கீக்கு எந்த எழுத்துங்கிற கீ மேப் ரெண்டுக்கும் வேற. இப்படி அடிச்ச ஒரு புக்கை நாளைக்கு இ-புக் ஆக்கணும்னா கன்வெர்ட்டர்ல போட்டு திரும்ப முதல்ல இருந்து ப்ரூஃப் பாக்கணும்.

யூனிகோடுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் எல்லா சிஸ்டத்துலயும் ஒரே எண், அதனால இந்த வம்பு இல்ல, ஃபான்ட் மாறினாலும் எழுத்து அதே எழுத்துதான். ஆனா இங்க சாஃப்ட்வேருக்கு தமிழ் தெரிஞ்சே ஆகணும். பேஜ்மேக்கர்ல பேஸ்ட் பண்ணா கேள்விக்குறிதான் வரும். பேஜ்மேக்கருக்கு அப்புறம் வந்த இன்டிசைன்ல, சிஎஸ் 6 வெர்ஷன்ல இருந்து, வேர்ல்டு ரெடி கம்போசர்னு இந்த மாதிரி எழுத்தைச் சரியா சேர்க்கிற வசதி ஒண்ணு இருக்கு, அதை பாராகிராஃப் மெனுல ஆன் பண்ணலைன்னா 'கொ'வோட கொம்பு இடம் மாறி புள்ளி வட்டத்தோட தொங்கும், இது தெரியாமலே 'யூனிகோடு பிரிண்டுக்கு ஆகாது'ன்னு சொல்றவங்க நிறைய. 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து டேஸ் 16ங்கிற இன்னொரு தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையையும் ஏத்துக்கிச்சு, அதுல ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம், கொம்பு பிரச்சனையே கிடையாது, ஆனா என்கிட்ட வர்ற கஸ்டமர் யாரும் அதுல மேட்டர் கொடுத்ததில்ல.

சரி, யூனிகோடுலயே எது? லதா பழைய விண்டோஸோட வந்தது, நிர்மலா இப்போ விண்டோஸோட வர்றது, ரெண்டும் ஸ்கிரீனுக்கு ஓகே, புக் பாடிக்கு எனக்குப் பிடிக்காது. நான் போடறது நோட்டோ செரிஃப் தமிழ், தடிமன் நிறைய இருக்கு, இலவசம், லைசென்ஸ் தொல்லையும் இல்ல. தலைப்புக்கு முக்த மலர். மீரா இனிமையும் நல்லாதான் இருக்கு, ஆனா ஒரே ஒரு தடிமன், அதுல போல்டு பட்டனை அழுத்தினா வேர்டு தானா எழுத்தை வீங்க வைக்கும், சின்ன சைஸ்ல ண, ழ சுழி எல்லாம் மை அடைச்சு கறுப்பாயிடும். கல்யாணப் பத்திரிகை தலைப்புக்கு ஸ்டைலான எழுத்து வேணும்னா மட்டும் பழைய ஃபான்ட் பக்கம் போவேன், அதையும் உடனே கர்வ்ஸ் பண்ணிடுவேன்.

எந்த ஃபான்ட்டா இருந்தாலும் வேலை ஆரம்பிக்கும் முன்னாடி கொ, பௌ, ணூ, ஸ்ரீ நாலையும் 9 பாயிண்ட்ல பிரிண்ட் எடுத்துப் பாருங்க. முக்கியமா ஸ்ரீ. ஸ வச்சு அடிக்கிறது ஒண்ணு, 2005ல யூனிகோடுல சேர்ந்த ஶ வச்சு அடிக்கிறது இன்னொண்ணு, சில ஃபான்ட் ஒண்ணைத்தான் சேர்க்கும், மத்தது உடைஞ்சு நிக்கும். கல்யாணப் பத்திரிகைல முதல் வரியே அதுதானே.