‘கொங்குப் பெருவழி’ சுற்றுலா விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சின்னக் குழுவாக, தொல்லியல் அறிஞரோடு, சங்ககால வணிக ஊர்களைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு விளம்பரம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் என் மாமனாரும் அதில் போய் வந்தோம். ஆளுக்கு 18,500 ரூபாய். சொன்னதில் பாதிகூடச் செய்யவில்லை. பணத்தைவிடப் பெரிய வருத்தம் கொடுமணலில் நடந்தது. புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

விளம்பரத்தில் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், டெம்போ டிராவலர் வண்டி, அகழாய்வில் வேலை செய்த ஒருவர் கடைசி வரை கூடவே வருவார், கரூர், புகழூர், அரச்சலூர், கொடுமணல், படியூர், வெள்ளலூர், பேரூர் எல்லாம் உண்டு, மதியம் கொங்குச் சாப்பாடு. இதை போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கினேன். அப்புறம்தான் பணம் அனுப்பினேன்.

இந்த மாதிரிப் பயணத்தில் நாம் காசு கொடுப்பது வண்டிக்கோ தங்கும் அறைக்கோ இல்லை, கூட வந்து சொல்லும் ஆளுக்குத்தான். தஞ்சாவூருக்குப் போனால் கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது, யாரும் சொல்லாவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம். நம்ம ஊர்ப் பெருவழியில், அதாவது பழைய வணிகப் பாதையில், அப்படி எதுவும் நிற்கவில்லை. மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, நொய்யல் கரையோடு கிழக்கே போய், கரூரைத் தொட்டு, காவிரி வழியே பூம்புகார் வரை போனது. அதற்குச் சாட்சியாக இன்று இருப்பவை பாறையில் சில வரிகள், மேட்டுக்காட்டில் நட்ட கற்கள், அருங்காட்சியகப் பெட்டிக்குள் காசும் மணியும். தெரிந்த ஆள் ஒருவர் நின்று விளக்காவிட்டால் அங்கே நமக்கு எதுவும் தெரியாது.

புறப்பட்ட அன்று காலையில் வந்து நின்றது ஒரு பேருந்து. அதில் இருபத்தேழு பேர். “பன்னிரண்டு பேர்னு சொன்னீங்களே” என்று கேட்டதற்கு, இரண்டு குழுவைச் சேர்த்துவிட்டார்களாம். தொல்லியல் அறிஞர் எங்கே என்றால், அவருக்கு உடம்பு சரியில்லையாம். அவருக்குப் பதில் வந்த இளைஞர் கைப்பேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தின நாள் ராத்திரிதான் அவரை வரச் சொன்னார்கள் என்று பிறகு அவரே சொன்னார்.

கரூரில் முதல் நிகழ்ச்சி அரசு அருங்காட்சியகம். அன்று வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. வரலாற்றுச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கரூரின் பழம்பெருமைக்கு எவ்வளவு பெரிய ஆதாரம்! பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்து புகழூர். வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலைக்காகத்தான் என் மாமனார் இந்தப் பயணத்துக்கே ஒத்துக்கொண்டார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர் அங்கே தமிழ் பிராமி எழுத்தில் பாறையில் வெட்டியிருக்கிறது. இளங்கடுங்கோ இளவரசர் ஆனபோது, செங்காயபன் என்ற சமணத் துறவி தங்குவதற்காக வெட்டிக் கொடுத்த இடம் அது. சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தை வருசக்கணக்காக வகுப்பில் நடத்தியவர் அந்த எழுத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மலை ஏறுவதற்காகவே தினமும் காலையில் நடந்து காலைப் பழக்கி வைத்திருந்தார்.

“தம்பி, கடுங்கோன் பேரு வெட்டியிருக்கற கல்லு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார்.

“அதெல்லாம் மேல இருக்குதுங்கய்யா. சாமி கும்பிடறவங்க மட்டும் வேகமாப் போய்ட்டு வாங்க. இருபது நிமிசத்துல வண்டி எடுத்துருவோம்.”

எழுபத்தைந்து வயதுக்காரர் இருபது நிமிடத்தில் ஏறி இறங்க முடியுமா? கீழேயே நின்று மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். “போகட்டும் விடு அம்மிணி” என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

அரச்சலூர் நாகமலை ‘நேரமின்மையால்’ ரத்து. அங்கே குகைப் பாறையில் த, தை, தா என்று தாள ஒலிகளைக் கட்டம் கட்டின மாதிரி வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தொகுத்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் அங்கேயே இருக்கிறது. வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் சோதித்துத் தரம் சொல்கிறவர். மணி வணிகம் நடந்த வழியில், அந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவர் தன் பெயரோடு விட்டுப்போன எழுத்து இது. இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பயணத்துக்கு இருக்குமா? நேரம் இல்லை என்றவர்கள் சென்னிமலையில் ஒரு போர்வைக் கடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். கைத்தறி என்று சொல்லி விற்றது விசைத்தறித் துணி. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த அம்மா ஒருவர் குழுவில் இருந்தார், தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். அதே ஊரில் கூட்டுறவுச் சங்கங்களில் நல்ல கைத்தறி கிடைக்கும்போது இங்கே ஏன் நிறுத்தினார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கொங்குச் சாப்பாடு என்றது நெடுஞ்சாலை ஓட்டல் பரோட்டா. அதை விடுங்கள்.

இனி கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் ஊர். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்வது இதைத்தான். 1980களில் தொடங்கி தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு புதுவைப் பல்கலைக்கழகம், அண்மையில் மாநிலத் தொல்லியல் துறை என்று பலமுறை தோண்டி ஆராய்ந்த இடம். இரும்பு உருக்கியிருக்கிறார்கள், சங்கு அறுத்திருக்கிறார்கள், கல்லில் மணி செய்திருக்கிறார்கள். முடிந்த மணிகள் மட்டுமில்லாமல் பாதி செய்த மணிகளும் உடைந்த சில்லுகளும் சேர்ந்தே கிடைத்ததால்தான் அங்கே பட்டறை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பெரில் என்ற பச்சை நீலக் கல் பக்கத்துப் படியூரிலிருந்து வந்திருக்கும். லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல் ஆப்கானிஸ்தான் பக்கத்தது. பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் கீறியிருக்கின்றன. ஊரின் காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு அளவுக்குப் போகிறது என்கிறார்கள் தோண்டியவர்கள்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது: “ரோமானியர் இங்க கோட்டை கட்டி ஆண்டாங்க, பத்தாயிரம் வருசப் பழசு.” இரண்டுமே பொய். வெளியூரிலிருந்து வந்த குழந்தைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் செய்த வேலையை எடுத்து யாரோ ஒருவர் கணக்கில் எழுதியதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

இருபத்தேழு பேரும் விதைத்த காட்டுக்குள் நடந்தார்கள். காட்டுக்காரர் ஓடி வந்து, “ஏனுங்க, சோளம் வெதச்சிருக்கறனுங்க, மிதிக்காதீங்க” என்று கும்பிட்டார். யாரும் அவரிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை. தோண்டின குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள் என்பதும், எந்தப் பக்கம் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடு, எந்தப் பக்கம் குடியிருப்பு மேடு என்பதும் அவர் கை காட்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் நிறுவனத்து ஆள் ஒருவர் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளை எடுத்தார். உள்ளே சிவப்பும் பச்சையுமாக மணிகள். “இதே மண்ணுல கெடச்சதுங்க, ரெண்டாயிரம் வருசத்துச் சூதுபவளம், ஒண்ணு ஐந்நூறு.” கீழே கிடக்கும் ஓட்டுச் சில்லுகளையும் ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிலர் வாங்கினார்கள், சிலர் பொறுக்கினார்கள்.

அந்தப் பயணத்தில் என் மாமனார் குரல் உயர்த்தியது அங்கேதான். “நெசமா இருந்தாத் திருட்டு. பொய்யா இருந்தா மோசடி. இதுல ரெண்டுல எதுங்க தம்பி?” அந்த ஆள் பைகளை மடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் பழமையான தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்பது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மணி எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தையும் பயனையும் சொல்ல முடியும். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் அது வெறும் கல்.

மறுநாள் கோவைப் பக்கம். 19ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த வெள்ளலூரை வண்டியிலிருந்தே கை காட்டினார்கள். சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று வழியின் பெயரையே சோழர் காலத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருவழிப் பயணத்தில் அந்தக் கல்லுக்கு இடமே இல்லை. படியூரும் இல்லை. பேரூர் கோயிலில் சாமி கும்பிட்டதோடு முடிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அடுத்த சுற்றுலாவில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பில் கேட்டால், 5 சதவீத ஜிஎஸ்டி வாங்கியதாக ஒரு தாள் வந்தது, அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் போனதும் தனியார் ஒருவரின் கணக்குக்கு. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வராததால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

இது போன்ற பயணத்துக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், கூட வரும் அறிஞரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அதோடு விடாமல் அவரோடு ஒரு தடவை போனில் பேசுங்கள். கொடுமணலில் எங்கே நிறுத்துவீர்கள், என்ன காட்டுவீர்கள், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டீர்களா என்று கேளுங்கள். போய் வந்தவர் என்றால் பேச்சிலேயே தெரிந்துவிடும். அவர் வராவிட்டாலோ ஆள் எண்ணிக்கை கூடினாலோ எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்களோடு அந்தப் பேருந்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்க முடியும். அங்கே வாங்கிய மணிகளும் பொறுக்கிய ஓடுகளும் வீட்டில் இருந்தால், எந்த இடத்தில், யாரிடமிருந்து என்று ஒரு தாளில் எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ ஒப்படைத்துவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் மாமாவும் கூட வருகிறோம்.