போத்தலில் ஊற்றித் தந்த பிரேக் ஒயில்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். நகரில் ஒரு உதிரிப்பாகக் கடையில் பிரேக் ஒயில் என்று எனக்கு விற்றது பிரேக் ஒயிலே இல்லை. அது தெரியாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் புறப்பட்டேன்.

எங்களுடையது அப்பாவின் மைனர் 1000. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடி எங்கள் குடும்பத்தைச் சுமந்த கார். அதன் வேலைகளை இணுவிலில் வீட்டு முற்றத்திலேயே நான் செய்வேன். போன மாதம் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. சரி, எயர் எடுப்போம், அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவோம் என்று ஒயில் வாங்கப் போனேன். கடைக்காரர் திறந்த பெரிய ரின்னிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார். "தம்பி, இதுவும் டொட் 3 தான். சீல் ரின் எண்டா சும்மா காசு கூட" என்றார். டொட் 3 என்பது பிரேக் ஒயிலின் ஒரு தர வகை. நம்பினேன்.

பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடியில் இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, தரையிலுள்ள மூடியைக் கழற்றித்தான் ஒயில் விட வேண்டும். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குவது முறை. ஆகவே முதலில் இடது பின் சில்லு, கடைசியாக வலது முன் சில்லு. மருமகன் பெடலை மிதிக்க, நான் சில்லிலுள்ள நிப்பிளை, காற்று வெளியேறும் சின்ன வாயை, திறந்து மூடினேன். குழாயில் குமிழி நிற்கும்வரை செய்தோம். பெடல் கல்லுப் போல நின்றது. அன்று மட்கார்ட்டில் சிந்தியதைக் காலையில்தான் கண்டேன். பெயின்ற் அப்படியே இருந்தது. உண்மையான பிரேக் ஒயில் பெயின்றைத் தின்றுவிடும். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு கிழமை கழித்து கே.கே.எஸ். வீதியில் போகும்போது மல்லாகம் தாண்டியதும் கார் இழுக்கவில்லை. கருகிய மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் முன் சில்லுகள் இரண்டும் கை வைக்க முடியாத சூடு. அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, சூடு ஆறியபின் ஜாக் வைத்தேன். சில்லு சுற்றவில்லை. நிப்பிளைத் தளர்த்தினேன், ஒயில் சீறியது, சில்லு விடுபட்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் குழாய்க்குள் அழுத்தம் நின்றிருக்கிறது.

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஐயா மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி றப்பரைக் காட்டினார். ஊதிப் பருத்து, ஒயில் திரும்பிப் போகும் சின்னத் துளையை அடைத்திருந்தது. "இது மெசின் ஒயில் மாதிரி ஏதோ கலந்தது" என்றார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரில் போத்தலில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் விட்டார். அப்படியே மேலே மிதந்தது. சீல் ரின்னில் வாங்கியதை விட்டபோது தண்ணீரோடு கரைந்துவிட்டது. டொட் 3, டொட் 4 இரண்டும் தண்ணீரில் கரையும். மெசின் ஒயில் போன்ற கனிம எண்ணெய் கரையாது. எங்கள் கார்களின் பிரேக் றப்பருக்கு அது நஞ்சு.

போத்தலோடு கடைக்குப் போனேன். தண்ணீரில் விட்டுக் காட்டுகிறேன் என்றேன், பார்க்கவே மறுத்தார். "நீங்க எயர் எடுத்த பிழை" என்றார். காசும் தரவில்லை.

அந்த ரின்னில் இருந்தது நல்ல ஒயிலாகவே இருந்தாலும் வாங்கக் கூடாது. திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். இப்படி அளந்து வாங்கி ஏற்கனவே விட்டவர்கள் காரை வீதிக்கு எடுக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் இன்றைக்கே தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

சில்லுகளில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்கள் முன்னால் நான்கு, பின்னால் இரண்டு. அந்த ஆறுக்கும் மாஸ்டருக்கும் றப்பர் மாற்றியாயிற்று. இரும்புக் குழாய்களை ஸ்பிரிற் விட்டுக் கழுவினோம். றப்பர் ஹோஸ்களையும் மாற்றத்தான் வேண்டும் என்கிறார் ஐயா. பின் ஹோஸ் இன்னும் கிடைக்கவில்லை. கார் முற்றத்தில் கல்லின் மேல் நிற்கிறது.