கண்ணாடி மூடிப் பெட்டியில் வந்த ‘கோஹிபா’

சுருட்டு பிடிப்பது உடம்புக்குக் கெடுதல். அது தெரிந்தேதான் வருஷத்துக்கு நாலைந்து பிடிக்கிறேன், அதனால் அந்த அறிவுரையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நாலைந்தாவது உருப்படியாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டதில்தான் மாட்டினேன்.

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு ஆள் கிடைத்தார். கியூபாவின் பேர்போன சுருட்டு கோஹிபா, அதிலும் எஸ்ப்ளெண்டிடோஸ் என்ற நீள வகை, 25 இருக்கும் முழுப் பெட்டி. வெளியே விற்கும் விலையில் பாதிகூட இல்லை. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, “சொந்தக்காரர் அங்கே ஃபேக்டரியில் இருக்கிறார் சார், ஊழியர்களுக்குக் கொடுப்பதுதான் இது” என்றார். ஹவானா தெருக்களில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே கதையைச் சொல்லித்தான் போலிச் சுருட்டு விற்பார்கள் என்று எங்கேயோ படித்தும் இருக்கிறேன். இருந்தும் பணத்தை அனுப்பினேன். ஆசை வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ!

பெட்டி வந்தது. மேலே கண்ணாடி மூடி, உள்ளே பளபளவென்று வரிசையாகச் சுருட்டுகள். பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கியூபாவிலிருந்து அதிகாரபூர்வமாக வரும் சுருட்டுகள் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வருவதே கிடையாது. அந்த ஒன்று தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் பார்த்தது பச்சையும் வெள்ளையுமான உத்தரவாதச் சீட்டைத்தான். 1912-இலிருந்து கியூபா சுருட்டுப் பெட்டிகளில் ஒட்டப்படும் சீட்டு அது. இப்போது வருவதில் பார்கோடும் ஹோலோகிராமும் உண்டு. அந்தப் பார்கோடு எண்ணைக் கியூபாச் சுருட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அசல் என்று வந்தது! அதோடு என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அதே ஆளிடம் வாங்கிய இன்னொரு நண்பரின் பெட்டியிலும் அதே எண். ஏதோ ஒரு நிஜப் பெட்டியின் எண்ணை எடுத்து எல்லாவற்றிலும் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, சுருட்டுக்கு வருகிறேன். பிரித்த அன்றே ஒன்றைக் கையில் எடுத்து, கால்மாட்டிலிருந்து, அதாவது பற்ற வைக்கும் முனையிலிருந்து, வாயில் வைக்கும் தலைவரை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். நல்ல சுருட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி லேசாக அமுங்கி எழும். இது நடுவில் கட்டை மாதிரி இருந்தது, நுனியில் பொக்கு. கியூபாச் சுருட்டின் தலையில் மூன்று மெல்லிய வளையக் கோடுகள் தெரிய வேண்டும், தொப்பி இலையை அப்படிச் சுற்றுவார்கள். இதில் ஒரே ஒரு வட்டம், அதுவும் பசை வழிந்து காய்ந்து நின்றது. பெட்டிக்குள் நிறமும் ஒன்றுபோல இல்லை. கியூபாவில் நிறம் பிரிப்பதற்கென்றே ஆள் உண்டு, ஒரே பெட்டியில் போகிற 25-க்கும் சாயல் பொருந்துமாறு அவர் அடுக்குவார். என் பெட்டியில் வெளிறியதும் கறுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

இதையெல்லாம் பார்த்த பிறகும், “கையால் சுற்றுவதுதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏமாற்றியவன் பாதி என்றால் மீதி வேலையை நானே செய்து கொடுத்தேன்.

தலையை வெட்டி, பற்ற வைக்காமல் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தேன். புகையிலையின் இனிப்போ மரவாசமோ வந்திருக்க வேண்டும். வந்தது ஈர அட்டைப்பெட்டி வாசனை. பற்ற வைத்தபின் இரண்டாவது இழுப்பிலேயே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. கோஹிபாவின் பெயரே, உள்ளே வைக்கும் செக்கோ, லிகேரோ என்ற இரண்டு வகை இலைகளை மூன்றாவது முறையும் பீப்பாயில் புளிக்கவைப்பதில்தான் இருக்கிறது. அந்த நெடி அடங்கி வழவழப்பு வருவது அதனால்தான். அப்படிப்பட்ட சுருட்டில் அம்மோனியா வீசுவதாவது!

நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் இழுக்கவில்லை, அப்படியும் சூடு உதட்டைச் சுட்டது. ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தது. சாம்பல் விரற்கடை நீளம்கூட நிற்காமல் சட்டையில் உதிர்ந்தது. நாக்கில் துணுக்குத் துணுக்காக ஏதோ ஒட்டியது. 178 மில்லிமீட்டர் நீளச் சுருட்டு நிதானமாகப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இது அரை மணியில் பாதியைத் தாண்டிவிட்டது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் ருசி மாறும், அப்புறம் இன்னொரு முறை மாறும். இதில் கடைசிவரை கசப்பு ஒன்றுதான்.

மறுநாள் பிளேடை எடுத்து இன்னொன்றை நீளவாக்கில் கிழித்தேன். முழு நீள இலைகள் மடிந்து மடிந்து கிடக்க வேண்டிய இடத்தில் துண்டுத் துணுக்குகள், குச்சிபோல நரம்புகள், கூட்டி அள்ளியது போன்ற தூள். மேலே சுற்றிய இலை மட்டும் பார்வைக்கு அழகு.

படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதல் பதில்: “உங்கள் ஹியூமிடாரில் (சுருட்டை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) ஈரப்பதம் சரியில்லை சார்.” அதில் 67 சதவீதம் காட்டும் படத்தை அனுப்பினேன். அடுத்தது: “கியூபாச் சுருட்டு பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் இப்படித்தான் இருக்கும்.” மூன்றாவது பதில் வரவில்லை, எண்ணைத் தடுத்துவிட்டார். அறிமுகப்படுத்தியவரோ, “நான் வாங்கினபோது நன்றாகத்தானே இருந்தது” என்கிறார். அவர் பெட்டியும் கண்ணாடி மூடிதான், கேட்டுப் பார்த்தேன்.

பணம் திரும்ப வராது, ரசீதே இல்லாத வியாபாரம். போன வாரம் அதே ஆள் வேறு பெயரில், வேறு எண்ணிலிருந்து எனக்கே விளம்பரம் அனுப்பியிருந்தார். படம் மட்டும் பழையது: சிவப்புத் துணிமேல் பெட்டி, கண்ணாடியின் இடது மூலையில் பிறை மாதிரி ஒரு கீறல். அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அது அவர்தான்.