10 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 10,368 வரை: ஏடிஎஃப்4351 போர்டு, ஒரு மதிப்பீடு

அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎஃப்4351 சிப்பை வைத்து, தயாரிப்பாளர் பெயர் எதுவுமின்றி இணையக் கடைகளில் விற்கப்படும், வேண்டிய அதிர்வெண்ணில் அலையை உருவாக்கும் சின்தசைசர் போர்டு, மைக்ரோவேவ் அலைவரிசைகளில் சோதனை செய்யும் ஹாம் (பொழுதுபோக்கு) வானொலியாளர்களுக்குக் கொடுத்த விலையை விடக் கூடுதலான பயன் தருகிறது. ஆனால் அதை வாங்கியபடியே பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சிப் 35 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தரும். எனினும் 3,456 மெகாஹெர்ட்ஸில் அதை நிறுத்தினால், மூன்றாவது ஹார்மோனிக், அதாவது அதன் மும்மடங்கு அதிர்வெண்ணில் உடன் எழும் அலை, ஹாம் வானொலியாளர்கள் பயன்படுத்தும் 10,368 மெகாஹெர்ட்ஸில் சரியாக விழுகிறது. ரிசீவரைச் சோதிக்க அந்த வலிமை தாராளமாகப் போதும். டபிள்யூஆர்-90 வேவ்கைடு (மைக்ரோவேவைக் கடத்தும் உலோகக் குழாய்) சுமார் 6,560 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது என்பதால், அதன் ஒரு சிறு துண்டே மூல அலையைத் தடுத்துவிடும். 6,912இல் உள்ள இரண்டாவது ஹார்மோனிக்கும் மேலும் உயர்ந்த ஹார்மோனிக்குகளும் தப்பி வரும் என்பதால், ஒலிபரப்ப விரும்புவோருக்குத் தனி ஃபில்டர் கட்டாயம்.

போர்டில் பெரும்பாலும் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரைத்தான் (சிப் தன் அலையை ஒப்பிட்டு நிலைநிறுத்தும் ரெஃபரன்ஸ்) முதலில் நீக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை கூட 10 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோஹெர்ட்ஸாகப் பெருகும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் அனுப்பும் குரலின் அகலமோ 3 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆகவே ஜிபிஎஸ் கட்டுப்பாட்டில் இயங்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸை வெளியிலிருந்து கொடுப்பதே முறை.

அதன் பிறகும் இரைச்சல் கணக்கு மீதமிருக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸை 1,036.8 மடங்காக்கும்போது ரெஃபரன்ஸின் ஃபேஸ் இரைச்சல் (அலையின் கட்டத்தில் ஏற்படும் சிறு நடுக்கம்) சுமார் 60 டெசிபல் உயர்கிறது. எந்த மின்சுற்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. சிப் தானாகச் சேர்க்கும் இரைச்சலை மட்டும் நம்மால் குறைக்க இயலும். முழு எண் பெருக்கத்துக்காக ரெஃபரன்ஸை 2 மெகாஹெர்ட்ஸாக வகுத்து 1,728ஆல் பெருக்குவதை விட, அதை இரட்டித்து 20 மெகாஹெர்ட்ஸாக்கி 172.8ஆல் பெருக்குவது கணக்கின்படி 10 டெசிபல் வரை மேலானது. பின்னப் பெருக்கத்தால் 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி எழும் போலி அலைகளைப் போர்டிலுள்ள லூப் ஃபில்டர் பெரும்பாலும் அடக்கிவிடும். மின்வழங்கியின் இரைச்சலும் நேரே அலையில் ஏறுவதால், குறைந்த இரைச்சலுள்ள ரெகுலேட்டர் ஒன்றைச் சேர்ப்பது செலவுக்குத் தகும்.

மின்சாரம் நின்றால் சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ஆறு ரெஜிஸ்டர்களும் அழிந்துவிடும். அவற்றை மீண்டும் நிரப்ப ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் தேவை.

அடையாள அலை தரும் கருவியாகவும், மிக்சர்களை (இரு அலைகளைக் கலக்கும் சுற்றுகளை) சோதிக்கவும் இந்தப் போர்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மங்கலான மோர்ஸ் ஒலியைத் தேடிக் கேட்கும் ரிசீவரில், உள்வரும் அலையோடு கலந்து அதன் அதிர்வெண்ணைத் தாழ்த்தும் லோக்கல் ஆஸிலேட்டராக வைப்பதானால், 106.5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 96 மடங்காக்கி 10,224ஐ (10,368ஐ விட 144 குறைவு) எட்டும் பழைய பெருக்கித் தொடரே இன்னும் தூய்மையானது. ஹாம் வானொலியாளர்களின் இன்னொரு அலைவரிசையில் உள்ள 24,048 மெகாஹெர்ட்ஸுக்கு ஆறாவது அல்லது அதற்கும் மேலான ஹார்மோனிக்கை நம்ப வேண்டியிருப்பதால், அந்த அலைவரிசைக்கு இதை வாங்க வேண்டாம்.