சுக்ஷ்பிட்ஸே உச்சிக்கு மூன்று வழி: பல்சக்கர ரயிலா, ஐப்ஸே கேபிள் காரா, ஆஸ்திரியப் பக்கமா?

ஊரிலிருந்து மியூனிக்குக்கு யார் வந்தாலும் இரண்டாம் நாளே ஒரு கேள்வி வந்துவிடும்: "பனிமலைக்கு எப்போ போறோம்?" காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படியான பெரிய மலை என்றால் அது சுக்ஷ்பிட்ஸேதான். உயரம் 2,962 மீட்டர், ஜெர்மனியின் மிக உயர்ந்த இடம். முதலில் தனியாக, பிறகு நண்பர்களோடு, கடைசியாக அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்று பல முறை ஏறிவிட்டேன். மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்த பிறகு எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. அது பலர் சொல்வதற்கு நேர்மாறானது என்பதால்தான் இந்த அலசல்.

மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து கார்மிஷ்-பார்டன்கிர்ஷனுக்கு வட்டார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஸ்டார்ன்பெர்க் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். மூன்று வழிகளுக்கும் இதுவரை பாதை ஒன்றே.

பல்சக்கர ரயில்

கார்மிஷ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மலை ரயிலுக்கென்று தனி நிலையம். மணிக்கு ஒரு வண்டி. கிரைனாவ் ஊர் வரை சாதாரண ரயில்போல ஓடும். அதற்குப் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணி படுத்துக்கிடப்பது போன்ற இரும்புப் பல் வரிசை தொடங்கும், வண்டியின் அடியிலுள்ள சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயிலில் போனவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். ஆனால் அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், இங்கே நாலடிக்கு ஓர் அடி. இந்த ஏணி வடிவப் பல் அமைப்பை உருவாக்கிய சுவிஸ் பொறியாளர் நிக்லாஸ் ரிக்கன்பாக் 1882இல் நீலகிரிக்கே வந்து ரயில் போட முடியுமா என்று பார்த்துவிட்டுப் போனவர். கடைசியில் நம் ஊர் ரயிலுக்கு ஆப்ட் என்ற வேறொரு பல் முறை அமைந்தது.

ஐப்ஸே ஏரி நிலையத்தைத் தாண்டி, 1,640 மீட்டரில் ரிஃபல்ரிஸ். அங்கிருந்து சுரங்கம். இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: கிட்டத்தட்ட கடைசி அரை மணி நேரம் மலைக்கு உள்ளேதான் போகிறீர்கள், ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. 1930இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டபோது அந்தக் காலத்து ஆட்கள் பாறையைக் குடைந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் காட்சிக்காக வந்தவருக்கு அந்த அரை மணி நீளமானது.

இன்னொன்று, ரயில் உச்சிக்குப் போவதில்லை. 1987இல் வெட்டிய கிளைச் சுரங்கம் வழியாக, 2,600 மீட்டர் உயரத்தில் சுக்ஷ்பிட்ஸ்பிளாட் என்ற பரந்த மேட்டில் இறக்கிவிடும். (அந்தச் சுரங்கத்துக்கு, 1976 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை ரோஸி மிட்டர்மையரின் பெயர்.) அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு சிறிய கேபிள் கார். "ரயில்லயே உச்சி வரை போயிடலாம், கேபிள் கார் வேண்டாம்" என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். உயரத்தில் தொங்கப் பயப்படுபவர் வீட்டில் இருந்தால் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்மிஷிலிருந்து பிளாட் வரை ஒன்றேகால் மணி நேரம். இந்த மெதுவான ஏற்றம் உடம்புக்கு நல்லது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். மூச்சு வாங்கும் வயதானவர்களுக்கு ரயில் ஏற்றம் இதமாக இருக்கும்.

ஐப்ஸே கேபிள் கார்

இது வேறு உலகம். 2017 டிசம்பரில் திறந்தார்கள். ஏரிக்கரையிலிருந்து உச்சி நிலையம் வரை ஒரே தூக்கில் 1,945 மீட்டர் ஏற்றம், நேரம் பத்து நிமிடம். நடுவில் தாங்குவது ஒரே ஒரு கோபுரம், 127 மீட்டர் உயர எஃகு. அதைத் தாண்டியதும் 3,213 மீட்டர் தூரம் கம்பி எதையும் தொடாமல் பள்ளத்தாக்கின் மேல் தொங்கிக்கொண்டே போகிறது. திறந்தபோது இந்த மூன்றுமே உலக சாதனை. ஒரு கூண்டில் 120 பேர். தரை முதல் கூரை வரை கண்ணாடி என்பதால், பின்பக்கம் நின்றால் ஐப்ஸே ஏரி பச்சைத் துளியாகச் சுருங்குவதைப் பார்க்கலாம். நான் முதல்முறை ஏறியபோது கூண்டில் பேச்சே இல்லை. எல்லோரும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

குறைகளும் உண்டு. காது அடைக்கும், மிட்டாயோ சூயிங்கமோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசினால் ஓடாது. அதிலும் ஃபோன் காற்று அடிக்கும் நாள் ஒரு சோதனை. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் இந்த உலர்ந்த, கதகதப்பான காற்று வானத்தைத் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக்கும், வருடத்திலேயே சிறந்த காட்சி அன்றுதான் கிடைக்கும். கேபிள் காரை நிறுத்த வைப்பதும் அதே காற்றுதான். அப்படிப்பட்ட நாளில் சுரங்கத்துக்குள் போகும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும், பிளாட் வரையாவது போய்விடலாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகக் கேபிள் காரைச் சில நாட்கள் மூடுவார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆஸ்திரியப் பக்கம்

இந்த மலையில் முதலில் மனிதரைத் தூக்கிச் சென்ற இயந்திரம் ஜெர்மன் பக்கத்தில் இல்லை. 1926இல் டிரோல் மாநிலத்தின் எர்வால்டிலிருந்துதான் முதல் கேபிள் கார் ஓடியது. இப்போது ஓடுவது 1991இல் கட்டியது, இதுவும் பத்து நிமிடம்தான். கட்டணம் சற்றுக் குறைவு, கூட்டமும் குறைவு. கார் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஸ்ப்ருக்கிலிருந்து வருபவர்களுக்கும் நல்ல தேர்வு. மியூனிக்கிலிருந்து ரயிலில் வருபவருக்கு கார்மிஷில் வண்டி மாறி, எர்வால்டில் பஸ் பிடித்து என்று மாற்றங்கள் கூடிவிடும். ஒரு நாள் பயணத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பாஸ்போர்ட்டோ வசிப்பிட அட்டையோ கையில் இருக்கட்டும், எல்லை தாண்டுகிறோம்.

என் தேர்வு

ஜெர்மன் பக்கத்துச் சீட்டு வாங்கினால் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ அளவில் ஆகும், ஆகவே ஒரே வழியில் போய்வருவது வீண். இதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எதில் ஏறுவது என்பதில்தான் நான் விலகுகிறேன். "ரயிலில் ஏறு, கேபிள் காரில் இறங்கு" என்பதே வழக்கமான அறிவுரை, சிறந்த காட்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். கோடையில் இது தவறு என்பது என் அனுபவம். கோடைக் காலையில் உச்சி பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழுந்து, மதியத்துக்குள் மேகமாகக் கூடிவிடும். மெதுவாக ரயிலில் ஏறி, பிளாட்டில் படம் எடுத்து, காபி குடித்துவிட்டு உச்சிக்குப் போகும்போது சுற்றிலும் வெள்ளை. எங்கள் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். நான்கு நாட்டு மலைகளையும் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கேபிள் காரில் இறங்கும்போதும் முக்கால்வாசி தூரம் மேகத்துக்குள்தான்.

அதனால் கோடையில் நான் செய்வது இது. கார்மிஷிலிருந்து ஐப்ஸே வரை ரயில், அங்கே இறங்கி நேராகக் கேபிள் கார். முதல் வேலை உச்சி. காட்சியை வயிறாரப் பார்த்துவிட்டு பிளாட்டுக்கு இறங்கி, அங்கே பொழுதைக் கழித்து, ரயிலில் கீழே. மதியம் மேகம் வந்தாலும் சுரங்கத்தில் இழக்க எதுவுமில்லை. குளிர்காலத்தில் கணக்கு மாறும். பள்ளத்தாக்கில் மூடுபனி கிடக்க, உச்சியில் நாள் முழுக்க வெயில் காயும் நாட்கள் உண்டு. அப்போது வழக்கமான அறிவுரையே சரி. மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கும் ரயிலில் ஏற்றம்தான், ஆனால் முதல் வண்டி.

இங்கே ரயில் சீட்டும் கணக்கில் வருகிறது. ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் பயர்ன் டிக்கெட் மலிவு, ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். அதில் கிளம்பினால் உச்சி சேர மதியம். சனி, ஞாயிறுகளில் நேரக் கட்டுப்பாடு இல்லை, கூட்டம் இருக்கும். மாதச் சீட்டான டாய்ச்லாந்து டிக்கெட் உள்ளவர்களுக்கு வார நாள் விடிகாலை வண்டியே பொற்காலம். எந்தச் சீட்டானாலும் உச்சிக்கு ஏற அது செல்லாது, தனியாக வாங்க வேண்டும்.

மேலே

கார்மிஷைவிட உச்சியில் சுமார் 15 டிகிரி குளிர் கூடுதல். ஆகஸ்டிலும் கனமான ஜாக்கெட் வேண்டும். தங்கச் சிலுவை நிற்கும் கிழக்கு முனைக்குப் பார்வை மேடையிலிருந்து ஏணியும் கம்பிக் கயிறும் பிடித்து ஏறுகிறார்கள். செருப்புக் காலோடு வேண்டாம். ஒருகாலத்தில் இந்த மலைக்கு மூன்று முனைகள் இருந்தன, நடுமுனை கேபிள் கார் கட்டடத்துக்குள் போய்விட்டது.

கோடையில் வருபவர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பிளாட்டில் விரிந்த வெண்பனியை எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையும் ஆங்காங்கே பனித்திட்டும்தான். இங்கிருந்த தெற்கு ஷ்னேஃபெர்னர் என்ற பனியாறு 2022 கோடையில் உருகியதில், பவேரிய அறிவியல் கழகம் அதைப் பனியாறுகளின் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. வடக்கு ஷ்னேஃபெர்னர் மட்டும் மிச்சம். ஒவ்வொரு முறையும் அதன் ஓரம் பின்னால் போயிருப்பது என் கண்ணுக்கே தெரிகிறது. பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. பனிதான் வேண்டும் என்றால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வாருங்கள்.

சாப்பாட்டுக்குச் சைவர்கள் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்ல என்ற நூடுல்ஸ் வகையைக் கேட்கலாம். நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவோம்.

கடைசி வண்டிகள் மாலை நாலரையை ஒட்டி இறங்கிவிடும். நான் இரண்டரைக்கே பிளாட்டை விட்டுவிடுவேன், ஐப்ஸே நிலையத்தில் இறங்கி ஏரியைச் சுற்ற நேரம் வேண்டும் என்பதற்காக. முழுச் சுற்று ஏழரை கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கிளம்பும் காலையில் உச்சியின் வெப்கேமராவைத் திறந்து பாருங்கள். திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் உச்சிச் சீட்டு வாங்காமல் பஸ்ஸில் ஐப்ஸே வரை மட்டும் போங்கள். பாதி ஏரி சுற்றுவதற்குள் வானம் திறந்துவிட்டால், கேபிள் கார் நிலையம் கரையிலேயே இருக்கிறது.